கில்லஸ்பி: பாடநூலின் ஒரு வரியும் நான்கு கோட்டைகளும்

வேலூர்ப் புரட்சியை எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் நடத்துகிறோம். 1806 ஜூலை 10 என்ற தேதி, புதிய தலைப்பாகை, திப்பு சுல்தானின் மகன்கள், புலிக்கொடி ஆகியவற்றைச் சொல்லி முடித்ததும் ஒரு பெயர் வருகிறது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் வந்து புரட்சியை அடக்கியவர் கர்னல் கில்லஸ்பி. சில நூல்களில் ஜில்லஸ்பி என்றும் இருக்கும். பாடத்தில் அவருக்கு ஓரிரு வரிகள். தேர்வில் ஒரு மதிப்பெண். அதோடு மாணவர் மனத்திலிருந்து அந்தப் பெயர் போய்விடுகிறது.

அந்த ஒரு வரியை இரண்டு பாடவேளைக்கு விரித்து நடத்தலாம் என்பது என் அனுபவம். கில்லஸ்பியைப் போற்றுவதற்காக அல்ல. அவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து சென்றால், வரலாற்றுப் பாடத்தில் கற்றுத்தரக் கடினமான இரண்டு திறன்கள் மாணவருக்கு எளிதில் கைவருகின்றன. ஒன்று, வீரத்தையும் நியாயத்தையும் தனித்தனியாக எடைபோடுவது. மற்றொன்று, ஒரு செய்தியைப் படித்ததும் ‘இதை எழுதியவர் மதிலுக்கு எந்தப் பக்கம் நின்றார்?’ என்று கேட்பது. இதற்கு வேண்டிய செய்திகளையும், வகுப்பில் நான் கையாளும் முறையையும் இங்கே தருகிறேன்.

கோம்பரிலிருந்து ஆற்காடு வரை

ராபர்ட் ரோலோ கில்லஸ்பி 1766-இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் கோம்பர் என்ற சிற்றூரில் பிறந்தார். வசதியான குடும்பம். 1783-இல், 17 வயதில், குதிரைப்படையில் கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்தார். உருவத்தில் சிறியவர், கோபத்தில் பெரியவர். அக்காலத்தில் கனவான்கள் மானப் பிரச்சினைகளைத் துப்பாக்கி ஏந்திய இருவர் சண்டையில் தீர்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஒரு சண்டையில் எதிராளியைச் சுட்டுக் கொன்று, 1788-இல் கொலை வழக்கில் நின்று விடுதலையானார்.

பிறகு ஜமைக்காவுக்குச் சென்ற குதிரைப்படையில் இடம் கிடைத்தது. அந்த ஆண்டுகளில் அருகிலிருந்த பிரெஞ்சுக் குடியேற்றமான செயின்ட் டொமிங்குவில், இன்றைய ஹைட்டியில், அடிமைகள் எழுந்து போராடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பத்தில் தீவைக் கைப்பற்றப் பிரிட்டன் முயன்றது. 1794-இல் போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகம் தாக்கப்பட்டபோது கில்லஸ்பி அங்கே இருந்தார். ஒருநாள் இரவு தன் இருப்பிடத்துக்குள் புகுந்த எட்டுப் பேரைத் தனி ஒருவராக வாளால் எதிர்த்து ஆறு பேரைக் கொன்றார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எழுதியவர்கள் எல்லாரும் அவருடைய ரசிகர்கள் என்பதை மாணவரிடம் இப்போதே சொல்லிவைக்கலாம், பின்னால் பயன்படும்.

தாயகம் திரும்பியபின் படைக் கணக்கு தொடர்பான குற்றச்சாட்டில் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, அங்கும் விடுதலை பெற்றார். அதன்பின் இந்தியாவிலிருந்த 19ஆவது லைட் டிராகூன் படைக்கு மாற்றம் கேட்டுப் பெற்றார். லைட் டிராகூன் என்றால் கனமான கவசம் இல்லாத, வேகமாகப் பாயும் குதிரைப்படை. எல்லாரும் கப்பலில் ஆப்பிரிக்காவைச் சுற்றி வருவார்கள். அவரோ கான்ஸ்டான்டினோபிள், அலெப்போ, பாக்தாத் வழியாகத் தரைமார்க்கமாக இந்தியா வந்தார். 1806-இல் ஆற்காட்டுக் குதிரைப்படை முகாமின் தலைவராக இருந்தார். வயது 40.

முதல் கோட்டை: வேலூர்

வேலூரில் நடந்ததை நாம் அனைவரும் நடத்தியிருக்கிறோம். ஆகவே கில்லஸ்பியோடு தொடர்புடைய செய்திகளை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் 1805 நவம்பரில் ஒப்புதல் தந்த புதிய விதிகளின்படி, சிப்பாய்கள் சமயக் குறி இடக்கூடாது; காதணி அணியக்கூடாது; தாடியை மழிக்க வேண்டும்; தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும். 1806 மே மாதம் வேலூரிலிருந்த ஒரு படைப்பிரிவினர் தலைப்பாகையை மறுத்தார்கள். அவர்களில் 21 பேர் மீது விசாரணை நடந்தது. இருவர் கசையடி பெற்றுப் படையிலிருந்து நீக்கப்பட்டார்கள். மற்றவர்கள் மன்னிப்புக் கேட்கவைக்கப்பட்டார்கள். முஸ்தபா பெக் என்ற சிப்பாய் முன்கூட்டியே எச்சரித்தும் அவரைப் பித்துப் பிடித்தவர் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஜூலை 10 விடியுமுன் கோட்டையில் சுமார் 1,500 இந்தியச் சிப்பாய்களும் 69ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த 370-க்கு மேற்பட்ட ஐரோப்பியரும் இருந்தார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும், கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கூட்ஸ் ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். வேலூர்க் கோட்டையின் தலைவர் கர்னல் ஃபேன்கோர்ட் கில்லஸ்பியின் பழைய நண்பர். செய்தி கேட்ட கில்லஸ்பி முழுப்படையும் திரளக் காத்திருக்கவில்லை. தன் படையில் ஒரு பகுதியையும், 7ஆவது சென்னைக் குதிரைப்படையின் இந்திய வீரர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். குதிரைகள் இழுக்கும் சிறு பீரங்கிகளைப் பின்னால் வரச் சொன்னார்.

ஆற்காட்டிலிருந்து வேலூர் சுமார் 25 கிலோமீட்டர். சீரான ஓட்டத்தில் குதிரை மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போகும் என்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்று மாணவரைக் கணக்கிடச் சொல்லுங்கள். காலாட்படை நடந்தால் எவ்வளவு நேரம் என்றும் கேளுங்கள். புரட்சியின் முடிவை இந்த வித்தியாசம் எந்த அளவுக்குத் தீர்மானித்தது என்பது அவர்களுக்கே விளங்கும்.

காலை 9 மணியளவில் அவர் வந்துசேர்ந்தபோது உட்கதவு மூடியிருந்தது. அதற்கு மேலே மதிலில் 69ஆவது படைப்பிரிவில் எஞ்சிய சுமார் 60 பேர், தோட்டா தீர்ந்த நிலையில் ஒதுங்கி நின்றார்கள். அவர்களுள் ஒருவரான சார்ஜென்ட் பிராடி, மேற்கிந்தியத் தீவுகளில் கில்லஸ்பியைப் பார்த்தவர். தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார். மேலிருந்து இறக்கிய கயிற்றைப் பிடித்து கில்லஸ்பி மதிலில் ஏறினார். எஞ்சியவர்களைத் திரட்டி, துப்பாக்கி முனைக் கத்திகளோடு பாய்ந்து சிப்பாய்களைத் தடுத்து நிறுத்தினார். பீரங்கிகள் வந்ததும் பொறியாளர் பிளாக்கிஸ்டன் கதவைத் தகர்த்தார். குதிரைப்படை உள்ளே பாய்ந்தது. சிறிது நேரத்தில் கோட்டை மீண்டும் கம்பெனியின் கைக்குப் போயிற்று.

மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கோட்டைக்குள் எழுந்தவர்களும் இந்தியச் சிப்பாய்கள். அவர்களை அடக்க ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைவீரர்களில் ஒரு பகுதியும் இந்தியச் சிப்பாய்கள். ‘அப்படியென்றால் 7ஆவது குதிரைப்படையினர் துரோகிகளா?’ என்று வகுப்பில் கட்டாயம் கேட்பார்கள். 1806-இல் ஒரு சிப்பாய்க்குத் தன் படை, தன் ஊர், தன் சம்பளம், தன் சமயம் ஆகியவை தெரியும். ‘இந்தியா’ என்ற ஒரே நாடு என்னும் எண்ணம் இன்று நமக்கு இருப்பதுபோல் அவருக்கு இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. இதை விளக்கியபின் ‘துரோகி’ என்ற சொல்லை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை மாணவரிடமே விட்டுவிடுகிறேன்.

மருத்துவமனையும் பந்துச் சுவரும்

அன்றைய நாளில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லலாமா வேண்டாமா என்ற தயக்கம் நம்மில் பலருக்கும் உண்டு.

முதலாவது, விடியற்காலையில் நடந்தது. சிப்பாய்கள் ஐரோப்பியரின் குடியிருப்பைச் சுட்டதோடு நிற்கவில்லை. மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளையும் கொன்றார்கள். அன்று பத்துக்கு மேற்பட்ட அதிகாரிகளும் நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பிய வீரர்களும் இறந்தார்கள். ஃபேன்கோர்ட்டும் அவர்களில் ஒருவர்.

இரண்டாவது, கோட்டை மீட்கப்பட்ட பின் நடந்தது. அரண்மனைப் பகுதியில் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துவந்தார்கள். ஐரோப்பியர் பந்து விளையாடும் சுவர் ஒன்றின் முன்னால் அவர்களை நிறுத்திவைத்துச் சுட்டுத்தள்ளினார்கள். விசாரணை இல்லை, ஆயுதம் இல்லாதவர்கள். இதைச் செய்ய வைத்தவர் கில்லஸ்பி. கதவைத் தகர்த்த அதே பிளாக்கிஸ்டன் பின்னாளில் எழுதிய நூலில் இதை மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். முறையான விசாரணைக்குப் பிறகு வந்த தண்டனைகள் தனி. ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார்கள். ஐந்து பேர் சுடப்பட்டார்கள். எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

முதல் நிகழ்ச்சியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் சொன்னால் பாடம் எளிதாகும். கம்பெனிக் காலத்து நூல்களோ இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் சொல்லி வந்தன. இரண்டும் ஒரே தவறு. மருத்துவமனையை மறைத்துவிட்டுப் பந்துச் சுவரைப் பற்றிக் கோபப்பட நமக்கு உரிமை இல்லை. இரண்டையும் சொல்வதால் புரட்சியின் நியாயம் குறைந்துவிடாது. சிப்பாய்களின் குறை உண்மையானது என்பதை அரசே ஒப்புக்கொண்டது. தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். கோரிக்கை நியாயமானது என்பதும், அதற்காகச் செய்த எல்லாமே நியாயம் ஆகிவிடாது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது புரியும். நாம் சொல்லாததால்தான் புரியாமல் போகிறது.

எட்டாம் வகுப்பில் இந்த இடத்தில் ஒரு மாணவி எழுந்து, “சார், கயித்தப் புடிச்சு மேல ஏறினது தைரியம்தானே? அப்ப அவர நல்லவர்னு எழுதலாமா?” என்று கேட்டாள். பாடம் இந்தக் கேள்விக்காகத்தான். ‘கயிற்றில் ஏறியது தைரியம். சுவரில் நிறுத்திச் சுட்டது என்ன?’ என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன், “ரெண்டும் ஒரே ஆள் சார்” என்றான். அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த கோட்டைக்குப் போனோம்.

இரண்டாம், மூன்றாம் கோட்டைகள்: ஜாவா

ஐந்து ஆண்டுகள் கழித்து கில்லஸ்பியை இன்றைய இந்தோனேசியாவில் பார்க்கிறோம். அப்போது நெப்போலியன் ஹாலந்தைத் தன் ஆட்சியில் சேர்த்திருந்தான். அதனால் டச்சுக்காரரின் ஜாவா பிரெஞ்சுக்காரர் பக்கம் போய்விட்டது. அதைப் பிடிக்க 1811-இல் இந்தியாவிலிருந்து பெரிய கப்பற்படை கிளம்பியது. கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவே உடன் போனார். பத்தேவியா நகரத்துக்கு அருகில் மீஸ்டர் கார்னெலிஸ் என்ற அரண்களை ஆகஸ்ட் 26 விடியற்காலையில் தாக்கிப் பிடித்த படையின் முன்னணியில் இருந்தவர் கில்லஸ்பி. காய்ச்சலோடுதான் சண்டையிட்டார்.

ஜாவாவின் ஆட்சிப் பொறுப்பு ராஃபிள்ஸிடமும் படைப் பொறுப்பு கில்லஸ்பியிடமும் தரப்பட்டன. பின்னாளில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியிருப்பை நிறுவிய அதே ராஃபிள்ஸ்தான். 1812 ஜூன் 20-இல் இருவரும் சேர்ந்து யோக்யகர்த்தா சுல்தானின் அரண்மனைக் கோட்டையைத் தாக்கினார்கள். சுமார் 1,200 பேர் கொண்ட படை, தன்னைவிடப் பலமடங்கு பெரிய படையைச் சில மணி நேரத்தில் முறியடித்தது. கில்லஸ்பிக்குக் கையில் குண்டுக் காயம். சுல்தான் இரண்டாம் ஹமெங்குபுவனா பதவி நீக்கப்பட்டுப் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டார். அரண்மனை கொள்ளையிடப்பட்டது.

கொள்ளை போனவற்றில் பொன்னும் பொருளும் மட்டுமல்ல, சுவடி நூலகமும் இருந்தது. அந்தச் சுவடிகளை எடுத்துக்கொண்டவர்களில் ஒருவரை நாம் அறிவோம்: காலின் மெக்கன்சி. தமிழ், தெலுங்கு, கன்னடச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர் வரலாறுகளையும் தென்னிந்தியா முழுவதும் ஆள் வைத்துத் திரட்டியவர். அவருடைய திரட்டின் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. ஜாவாவில் பணியாற்றிய ஆண்டுகளில் யோக்யகர்த்தாச் சுவடிகள் பலவும் அவர் கைக்குப் போயின. அங்கே எடுத்த சுவடிகளில் பல இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அந்த நூலகம் 75 சுவடிகளை மின்னுருவாக்கி, 2019-இல் அதன் படிகளை இன்றைய சுல்தானிடம் வழங்கியது. மூலச் சுவடிகள் லண்டனிலேயே இருக்கின்றன. ‘படி கிடைத்தால் போதுமா?’ என்று கேட்டுப் பாருங்கள். மேல்நிலை வகுப்பில் ஒரு பாடவேளை விவாதம் தானாக நடக்கும்.

யோக்யகர்த்தாவில் நமக்கு வேலூரில் இல்லாத ஒரு வாய்ப்பும் கிடைக்கிறது. அரண்மனைக்குள் இருந்த இளவரசர் பானுலார், தாக்குதலையும் அதற்குப் பின் நடந்தவற்றையும் ஜாவா மொழியில் செய்யுளாக எழுதிவைத்தார். மதிலுக்கு உள்ளேயிருந்து கில்லஸ்பியின் படையைப் பார்த்தவரின் எழுத்து அது. வேலூர்க் கோட்டைக்குள்ளிருந்து ஃபேன்கோர்ட்டின் மனைவி அமீலியா எழுதிய விவரம் உண்டு; கணவரை இழந்த அந்த அம்மையார் இரண்டு குழந்தைகளோடு ஒளிந்திருந்து தப்பியவர். ஆனால் சிப்பாய் ஒருவர் தானாக உட்கார்ந்து எழுதியது நம்மிடம் இல்லை. சிப்பாய்களின் குரல், விசாரணையில் அவர்கள் கொடுத்த வாக்குமூலங்களாகவே கிடைக்கிறது. அதாவது, கேள்வி கேட்டவர் தன் மொழியில் எழுதிவைத்த பதில்கள். உயிருக்குப் பயந்து சொன்ன பதிலை எப்படிப் படிப்பது? இது பட்ட வகுப்புக் கேள்வி அல்ல. ‘ஹெச்.எம். ரூமில் கூப்பிட்டுக் கேட்டால் நீ நடந்ததை அப்படியே சொல்வாயா?’ என்று கேட்டால் ஆறாம் வகுப்பும் பதில் சொல்லும்.

ராஃபிள்ஸோடு கில்லஸ்பிக்கு ஒத்துப்போகவில்லை. அவர் நிர்வாகத்தின் மீது குற்றச்சாட்டுகளை அடுக்கிவிட்டு 1813-இல் ஜாவாவை விட்டுக் கிளம்பினார்.

நான்காம் கோட்டை: கலங்கா

1814-இல் கம்பெனிக்கும் நேபாளத்துக்கும் போர் மூண்டது. மீரட்டிலிருந்து புறப்பட்ட படைக்கு மேஜர் ஜெனரல் கில்லஸ்பி தலைவர். டேராடூனுக்கு அருகே நாலாபானி குன்றின்மேல் கலங்கா என்ற சிறு கோட்டை. உள்ளே பலபத்ர குன்வர் என்ற கூர்க்கா தளபதியும், பெண்கள், குழந்தைகள் உட்பட சுமார் 600 பேரும். வெளியே 3,000-க்கு மேற்பட்ட படை.

அக்டோபர் 31 அன்று முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. கில்லஸ்பி பொறுக்கவில்லை. தன் பழைய குதிரைப்படை ஒன்றின் வீரர்களைக் குதிரையிலிருந்து இறக்கி, தானே முன்னால் நின்று கோட்டை வாசலை நோக்கி நடந்தார். வாசலை நெருங்கும்போது மார்பில் குண்டு பாய்ந்து இறந்தார். வேலூரில் வென்ற அதே அவசரம் இங்கே அவரைக் கொன்றது.

அவர் இறந்தபின்னும் கோட்டை விழவில்லை. நவம்பர் 27-இல் நடந்த இரண்டாவது பெருந்தாக்குதலும் தோற்றது. பிறகுதான் கம்பெனிப் படை கோட்டைக்கு வெளியே இருந்த நீர்நிலையை அடைத்தது. தண்ணீர் இல்லாமல் உள்ளே இருந்தவர்கள் வாடினார்கள். நவம்பர் 30 அன்று பலபத்ரர் எஞ்சிய சுமார் 70 பேரோடு முற்றுகையைப் பிளந்துகொண்டு வெளியேறினார். உள்ளே போன கம்பெனிப் படை கண்டது இறந்தவர்களையும் காயம்பட்டவர்களையும்தான்.

இந்த இடத்தில் மாணவரைப் பின்னோக்கிப் பார்க்கச் சொல்வேன். கில்லஸ்பி குதிரைப்படை அதிகாரி. ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்ததும் உயிரை வாங்கியதும் கோட்டைகள். வேலூரில் கயிற்றில் ஏறினார். கலங்காவில் கால்நடையாகப் போனார். நான்கு கோட்டைகளிலும் அவர் வெளியே. உள்ளே வேறு யாரோ. வேலூரில் சிப்பாய்கள், கார்னெலிஸில் டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும், யோக்யகர்த்தாவில் ஜாவானியர், கலங்காவில் கூர்க்காக்கள். ஒரே அதிகாரியை நான்கு மதில்களின் மேல் நின்று பார்க்க முடிகிறது.

கல்லில் எழுதிய வரலாறு

கில்லஸ்பிக்குப் பிரிட்டன் பல மரியாதைகள் செய்தது. இறந்த செய்தி போய்ச் சேருமுன்பே ‘சர்’ பட்டம் அறிவிக்கப்பட்டது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் சிலை வைத்தார்கள். கோம்பர் ஊர்ச் சதுக்கத்தில் 1845-இல் 55 அடி உயரத் தூண் எழுப்பினார்கள். ஹென்றி நியூபோல்ட் என்ற கவிஞர் வேலூர்ச் சவாரியைக் கதைப்பாடலாகவே பாடிவிட்டார். அந்தப் பாட்டைப் படித்த பிள்ளைகளுக்கு வேலூர் என்பது ஒரு மீட்புக் கதை; கோட்டைக்குள் ஏன் சத்தம் கிளம்பியது என்பது அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

நம் பக்கம் வேலூர் மக்கான் பகுதியில் சிப்பாய்களுக்கு நினைவுத்தூண் நிற்கிறது. இருநூறாவது ஆண்டான 2006-இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டது. இரண்டு நாடுகள், இரண்டு நினைவுகள்; ஒன்றில் இருப்பவர் மற்றதில் இல்லை.

கலங்காவில் மட்டும் வேறு மாதிரி. டேராடூனில் பிரிட்டிஷார் எழுப்பிய இரண்டு தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று கில்லஸ்பிக்கும் அவரோடு இறந்தவர்களுக்கும். மற்றொன்று பலபத்ரருக்கும் அவருடைய கூர்க்காக்களுக்கும். எதிரியின் வீரத்தை மதித்துத் தூண் வைத்தது பெருந்தன்மைதான். ஆனால் மாணவர் இன்னொன்றையும் கவனிக்கட்டும்: 1815-இலிருந்து கம்பெனி கூர்க்காக்களைத் தன் படையில் சேர்க்கத் தொடங்கிவிட்டது. நாளை நமக்காகச் சண்டையிடப் போகிறவர்களின் வீரத்தைப் புகழ்வது எளிது. வேலூர்ச் சிப்பாய்களுக்கு ஏன் அவர்கள் தூண் வைக்கவில்லை என்று கேட்டால், மாணவர் தரும் பதில்கள் நம்மையே யோசிக்கவைக்கும். கூர்க்கா வெளியே இருந்து எதிர்த்தவன். சிப்பாய் சம்பளம் வாங்கிக்கொண்டே எதிர்த்தவன். ஆட்சிக்கு இரண்டாமவன்தான் பெரிய பயம்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

முதல் பாடவேளை. உலக வரைபடத்தில் கோம்பர், போர்ட்-ஓ-பிரின்ஸ், ஆற்காடு, வேலூர், ஜகார்த்தா (பழைய பத்தேவியா), யோக்யகர்த்தா, மீரட், டேராடூன் ஆகியவற்றைக் குறித்து நூலால் இணைக்கச் செய்யலாம். ஒரு படை அதிகாரியின் பயணம் ஒரு பேரரசின் வரைபடமாக மாறுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். பயண நேரக் கணக்கையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பாடவேளை. வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒருவரைக் கொடுங்கள்: மதில்மேல் நின்ற சார்ஜென்ட் பிராடி, ஒளிந்திருந்த அமீலியா, எச்சரித்தும் நம்பப்படாத முஸ்தபா பெக், 7ஆவது குதிரைப்படையில் வந்த பெயர் தெரியாத ஒரு சிப்பாய். 1806 ஜூலை 10 மாலையில் அவர் தன் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினால் எப்படி எழுதுவார்? பத்து வரி போதும். நான்கு கடிதங்களையும் படித்தபின், எந்தச் செய்தி எல்லாக் கடிதத்திலும் வருகிறது, எது ஒன்றில் மட்டும் வருகிறது என்று பிரிக்கச் சொல்லுங்கள். இவை கற்பனைக் கடிதங்கள் என்பதைத் தலைப்பிலேயே எழுதவைப்பது அவசியம். சான்றும் கற்பனையும் கலந்துவிடக்கூடாது.

மொழிப்பாடத்தோடு. கலகம், கிளர்ச்சி, எழுச்சி, புரட்சி என நான்கு சொற்கள் நம்மிடம் உண்டு. ஒரே நிகழ்ச்சிக்கு யார் எந்தச் சொல்லைப் போடுவார்கள் என்று கேளுங்கள். ‘அடக்கினார்’ என்ற வினையையும் கவனிக்கச் சொல்லுங்கள். அடக்கப்பட வேண்டியது என்று முன்பே முடிவு செய்துவிட்ட சொல் அது. அதற்குப் பதிலாக வேறு எந்த வினையைப் போடலாம்?

தொடக்க வகுப்புகளுக்கு. கொலைக் காட்சிகள் வேண்டாம். தொப்பிக் கதை போதும். ‘உனக்குப் பிடிக்காத, உன் வீட்டார் வேண்டாம் என்று சொல்கிற ஒன்றைத் தலையில் வைத்துத்தான் பள்ளிக்கு வர வேண்டும் என்றால் என்ன செய்வாய்? யாரிடம் சொல்வாய்? அவர் கேட்கவில்லை என்றால்?’ நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இதை நடித்தே காட்டுவார்கள்.

மதிப்பீடு. ‘வேலூர்ப் புரட்சியை அடக்கியவர் யார்?’ என்ற வினா இருக்கட்டும்; பொதுத்தேர்வுக்கு அது வேண்டும். வளரறி மதிப்பீட்டில் இப்படி ஒன்றைச் சேர்க்கலாம்: ‘இறந்த சிப்பாய்கள் 350 என்று ஒரு நூலும் 800 என்று மற்றொரு நூலும் சொல்கின்றன. எண்ணிக்கை ஏன் மாறுகிறது? உண்மைக்கு நெருங்க நீ என்னென்ன சான்றுகளைத் தேடுவாய்?’ விடையில் ஒரே எண்ணை எதிர்பார்க்காமல், தேடும் வழிக்கு மதிப்பெண் கொடுங்கள்.

வேலூருக்குக் கல்விச் சுற்றுலா போகும் பள்ளிகள் பல. கோட்டைக்குள் போனதும் பிள்ளைகள் அகழியையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் பார்ப்பார்கள், செல்ஃபி எடுப்பார்கள். அடுத்த முறை போகும்போது கோட்டை வாசலில் ஐந்து நிமிடம் நிறுத்தி, மதிலை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மேலே கூட்டிப்போய் அதே இடத்தைக் கீழ்நோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து என்ன தெரிந்தது என்று குறிப்பேட்டில் எழுதி வாங்குங்கள். மறுநாள் பாடத்தை அந்தக் குறிப்புகளிலிருந்தே தொடங்கலாம்.